அம்மாவின் இளநீரை இன்றே நிறுத்துங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பல வருடமாகச் சர்க்கரை, பிரஷர். டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறார். போன மாதம் கிரியாட்டினின் 2.4. இளநீர் கிட்னியைச் சுத்தப்படுத்தும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, பங்குனி பிறந்ததிலிருந்து தினமும் இரண்டு குடிக்கிறார், தர்பூசணியும் உண்டு. தர்பூசணியில் சாய ஊசி போடுகிறார்களாமே? மாம்பழம் சூடுதானே? ஒரு வாரமாகக் கால் வலுவில்லாமல் படியேறச் சிரமப்படுகிறார். வயதுதான் காரணமா? பயமாக இருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வயது என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே அம்மாவை அழைத்துப்போய் ரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள், ஒரு ஈசிஜியும் எடுங்கள்.

61 வயதுப் பெண்ணுக்கு கிரியாட்டினின் 2.4 என்றால் சிறுநீரகம் கால் பங்கு அளவுக்குத்தான் வேலை செய்கிறது. நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் பெரும்பகுதியை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். 100 மில்லி இளநீரில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. தினமும் இரண்டு காய் என்றால் ஒரு கிராமைத் தாண்டிவிடும். போதாததற்கு டெல்மிசார்ட்டானும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மாத்திரை. இளநீர் யாருடைய கிட்னியையும் சுத்தப்படுத்துவதில்லை. பழுதான கிட்னிக்கு அது சுமை. வீடியோவில் பேசுகிறவர் உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்த்தவரா, என்ன?

ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்கலாம். 6-ஐத் தாண்டினால் ஆபத்து. இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். சிலருக்கு முன்னதாகத் தொடையும் காலும் தளர்ந்துபோகும், பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அம்மாவுக்குத் தலைசுற்றல், படபடப்பு, நாடி மெதுவாவது, மூச்சு வாங்குவது என ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ரிசல்ட்டைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். வீட்டில் பிரஷருக்கு நல்லது என்று 'லோ சோடியம்' உப்பு வாங்கி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அதில் கலந்திருப்பது பொட்டாசியம் குளோரைடு.

சாய ஊசியா? தர்பூசணியின் சிவப்பு லைகோபீன் என்ற இயற்கை நிறமி. ஊசி குத்திய பழம் வெயிலில் சீக்கிரம் அழுகிவிடும், சாயமும் சீராகப் பரவாது. பயப்படாமல் நீங்கள் சாப்பிடுங்கள். அம்மாவுக்குப் பிரச்சினை அளவுதான்: அரைக் கிலோ தர்பூசணியிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. மாம்பழச் சூடு என்பதெல்லாம் கவலைப்பட வேண்டியதே இல்லை. காம்புப் பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கழுவிவிட்டு நறுக்குங்கள். சீசனுக்கு முன்பே பளபளவென்று ஒரே மஞ்சளாக வரும் பழத்தை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பொட்டாசியம் சரியாக இருந்தால் அம்மா பழமே தொடக்கூடாது என்றில்லை. சின்னக் கிண்ணம் ஆப்பிளோ அன்னாசியோ, ஆசைக்கு இரண்டு துண்டு மாம்பழமோ கொடுக்கலாம், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால். கீரையையும் உருளையையும் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். வெயிலுக்குச் சாதாரணத் தண்ணீர் போதும். எவ்வளவு என்பதைச் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதெல்லாம் டெஸ்ட்டுக்கு அப்புறம். முதலில் கிளம்புங்கள்.