கடலை உருண்டைக்கு மிக்ஸ் எதற்கு?

கேள்வி: பெருந்துறையில் இருக்கிறோம். பள்ளிக்கு விடுமுறை விட்டாச்சு. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. காலையில் எழுந்ததிலிருந்து "திங்க என்ன இருக்கு" என்பதே பேச்சு. இருவரையும் சேர்த்துக்கொண்டு ஏதாவது செய்யலாம் என்றால், அடுப்புப் பக்கம் விடப் பயமாக இருக்கிறது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "குழந்தைகள் சத்து லட்டு மிக்ஸ், நெய் ஊற்றிப் பிடித்தால் போதும்" என்று கிலோ 480 ரூபாய்க்குக் கொடுக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் அம்மணி. அந்த 480 ரூபாய்க்கு நிலக்கடலை, எள்ளு, நாட்டுச்சர்க்கரை மூன்றும் வாங்கினாலும் கையில் காசு மிஞ்சும்.

விலை மட்டும் காரணம் இல்லை. கடலையைப் பொடித்துவிட்டால் அதில் எது நல்ல பருப்பு, எது சொத்தை என்று யாருக்கும் தெரியாது. சுருங்கியது, கறுத்தது, பச்சையாகப் பூசணம் பிடித்தது எல்லாம் மண்டியில் தனியாகக் கழித்து மலிவாகப் போகும். அவை எங்கே போய்ச் சேருகின்றன என்று நினைக்கிறீர்கள்? பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். ஈரலைக் கெடுப்பது அது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. போதாததற்கு, பொடித்த கடலையில் எண்ணெய் வெளியே வந்துவிடுவதால் இந்த வெயிலில் சீக்கிரமே காறல் வாடை அடிக்கும். அதை மறைக்கத்தான் ஏலக்காய் எசன்ஸ்.

அதனால் முழுக் கடலையாகவே வாங்குங்கள். கால் கிலோவை முதல் நாள் இரவே நீங்கள் வறுத்து ஆறவைத்துவிடுங்கள். அடுப்பு வேலை அத்தோடு முடிந்தது. காலையில் பிள்ளைகளை முறத்துக்கு முன்னால் உட்கார வையுங்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தோல் கழன்று வரும். வாசலில் நின்று புடைத்தால், ஊதினால் பறக்கும். சின்னவனுக்கு அதுதான் பெரிய விளையாட்டு. பெரியவளுக்குப் பொறுக்கும் வேலை கொடுங்கள். ஒரு தட்டில் நல்லது, இன்னொரு தட்டில் கறுப்பு, சுருக்கம், நிறம் மாறியது. ஒரு பருப்பு வாயில் கசந்தால் துப்பச் சொல்லுங்கள், விழுங்க வேண்டாம்.

அப்புறம் கடலை, வறுத்த எள்ளு 2 கரண்டி, நாட்டுச்சர்க்கரை 150 கிராம், ஒரு ஏலக்காய். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கூழாகிவிடும். விரலால் அழுத்தினால் ஒட்டுகிற பதத்தில் நிறுத்தி, ஜார் சூட்டோடு இருக்கும்போதே உருட்டிவிடுங்கள். ஆறினால் உதிரும். உதிர்ந்தால் ஒரு கரண்டி நெய் போதும். பால் தெளிக்காதீர்கள், அடுத்த நாளே புளித்துவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகே பிள்ளை கை ஜாருக்குள் போக வேண்டும். முழுக் கடலையை மட்டும் நான்கு வயதுப் பையன் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். மூச்சுக்குழலில் போய்விடும். அவனுக்குப் பொடித்தது மட்டுமே.

முழுசாக வாங்குங்கள், பொடியாக வாங்காதீர்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். இதற்கு ஒரே ஒரு விலக்கு நாட்டுச்சர்க்கரை. அது பொடியாகத்தான் வரும். நம் பக்கம் கவுந்தப்பாடிச் சர்க்கரைக்குப் பேர் பெரிது. பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்து போகிறது. அந்தப் பேரை வைத்துக்கொண்டுதான் ஏமாற்று நடக்கிறது. எங்கோ காய்ச்சியதை மூட்டையில் கொட்டி "கவுந்தப்பாடி ஒரிஜினல், தோட்டத்து விலை" என்று வேனில் வைத்து விற்கிறார்கள்.

கரும்புச் சாற்றோடு அஸ்காவை, அதாவது வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சினால் எடை கூடும். ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டால் வெளுக்கும். வெளுத்த சர்க்கரைக்கு வியாபாரி இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கிறார், ஏனென்றால் நாம் பளிச்சென்று இருப்பதைக் கேட்கிறோம். ஒழுங்காகக் காய்ச்சுகிற ஆலைக்காரர் கறுத்த சர்க்கரையை வைத்துக்கொண்டு ஏலத்தில் நிற்கிறார். இது எனக்கு ஆறாத கோபம்.

பார்த்து வாங்க வழி இருக்கிறது. பளபள மஞ்சளைத் தொடாதீர்கள், மண் நிறம் அல்லது அடர்ந்த பழுப்பு நல்லது. நல்ல சர்க்கரையில் கரும்புப் பாகு வாசம் வரும், நாக்கில் லேசான உப்புக் கரிப்பு தெரியும். ஒரு கரண்டியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கால் மணி நேரம் வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்தால் சுண்ணாம்புப் பொடியோ வேறு எதுவோ கலந்திருக்கலாம். நிறம் மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது. கரும்பு ரகத்துக்கும் மண்ணுக்கும் தகுந்தாற்போல் அதுவும் கொஞ்சம் மாறும். அஸ்கா கலந்ததை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும்.

ஆய்வகத்துக்கு அனுப்பினால்? மாதிரி கையில் கிடைத்து 14 நாளுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்று 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதற்குள் அந்த மூட்டை விற்று, உருண்டையாகி, தின்றும் முடிந்திருக்கும். பொங்கலுக்கு முன்னால் வெல்ல ஆலைகளில் சோதனை என்று செய்தி வருகிறதே, அந்த மும்முரம் வருடம் முழுக்க வேண்டாமா? 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்கு நம் அரசு தடை போட்டது. நல்ல காரியம். ஆனால் அந்தச் சாயம் உணவில் போடக்கூடாதது என்பது அதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்த விஷயம்.

உங்கள் மிக்ஸ்காரரிடம் உணவுப் பாதுகாப்புத் துறையின் (FSSAI) 14 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் செய்து விற்பவருக்கும் அது கட்டாயம். எண் இருப்பதாலேயே சரக்கு சுத்தம் என்று ஆகாது. ஆனால் எண்ணே இல்லாதவரிடம் பிள்ளைகளுக்கு வாங்கக்கூடாது. பதிவு எடுத்துத் தருகிறேன் என்று சுயஉதவிக் குழுப் பெண்களிடம் ஆயிரக்கணக்கில் பிடுங்கும் புரோக்கர்கள் வேறு இருக்கிறார்கள். ஆன்லைனில் தாங்களே விண்ணப்பிக்கலாம் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சரி, தினமும் இனிப்பு வேண்டாம். சாயங்காலத்துக்குச் சேலம் தட்டுவடை செட் இருக்கிறது. தட்டுவடை மட்டும் நம்பிக்கையான கடையில். கேரட், பீட்ரூட், கிளிமூக்கு மாங்காயை நீங்கள் துருவிக் கொடுங்கள், துருவியில் பிஞ்சு விரல் போய்விடும். மல்லி புதினா சட்னி, வரமிளகாய் பூண்டுச் சட்னி இரண்டையும் கெட்டியாக அரையுங்கள். ஒரு தட்டுவடை மேல் சட்னி தடவி, துருவல் வைத்து, இன்னொன்றால் மூடுவது பிள்ளைகள் வேலை. தின்னும் நேரத்தில்தான் அடுக்க வேண்டும். அஞ்சு நிமிஷம் போனால் நமத்துவிடும். தேங்காய்ச் சட்னி இந்த வெயிலுக்கு ஆகாது, ஒரு மணி நேரம் வெளியே இருந்தாலே சந்தேகம்தான்.

நுங்கு கிடைத்தால் தோல் உரித்து நசுக்கி இளநீரில் போடுங்கள், அதற்குச் சர்க்கரையே வேண்டாம். தர்பூசணிக்கு ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சை நம்பி ஒதுக்காதீர்கள். 2025இல் அந்தப் பேச்சு கிளம்பி விவசாயிகள் விலை போகாமல் தவித்தார்கள். பழத்தை முழுசாக வாங்கி வந்து, கழுவி, வீட்டில் அறுங்கள்.

உருண்டையை ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கைவிட்டு எடுக்க வேண்டாம், கரண்டி போட்டு வையுங்கள்.