பெண் மயிலுக்கும் தோகை முளைப்பது ஏன்?

அபூர்வம்தான், ஆனால் நடப்பதுண்டு: வயதான பெண் மயிலுக்கு நீலக் கழுத்தும் தோகையும் வந்துவிடும். மயில், கோழி, வாத்து இனங்களில் பகட்டான இறகுதான் இயல்புநிலை. பெண்ணின் சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதை அடக்கி, அடைகாக்கும்போது எதிரியின் கண்ணில் படாத மங்கல் நிறத்தைத் தருகிறது. இவற்றில் இடப்பக்கச் சினைப்பை மட்டுமே வேலை செய்யும். முதுமையாலோ நோயாலோ அது ஓய்ந்தால், அடுத்து இறகு உதிர்ந்து முளைக்கும்போது ஆணின் இறகே வரும். பொங்கும் பாலைத் தண்ணீர் தெளித்து அடக்குகிறோமே, தெளிப்பதை நிறுத்தினால் பொங்கிவிடும் அல்லவா, அப்படி.

முட்டையிடுவதை நிறுத்திய பெட்டைக்கோழிக்கும் கழுத்தில் கூரான, பளபளக்கும் இறகுகள் வரலாம். சில கூவவும் செய்யும். அபசகுனம் என்று அறுத்துவிடாதீர்கள், பாவம். அது சேவலாக மாறிவிடவில்லை. உடலின் மரபணுக்கள் பெண்ணுக்குரியவையாகவே இருக்கின்றன.