தாய்மாமனின் பட்டம் செல்லுமா?

கேள்வி: என் மகள் அடுத்த ஆண்டு ஹார்வர்டில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கவிருக்கிறாள். என் தம்பி அங்கே எம்.பி.ஏ. முடித்தவன். குடும்பத்தில் ஒருவர் படித்திருந்தால் இடம் எளிதாகக் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? பழைய மாணவர்களின் பிள்ளைகள் இயல்பாகவே கெட்டிக்காரர்கள் என்பதால் இதில் தவறும் இல்லை என்பது என் கருத்து.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாய்மாமன் சீர் நம் வீட்டு விசேஷங்களில் செல்லும், ஹார்வர்டின் சேர்க்கைக் குழுவிடம் செல்லாது. அங்கே 'லெகசி' என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவது, அதே பல்கலைக்கழகத்தின் இளநிலைக் கல்லூரியில் படித்த தாய் அல்லது தந்தையின் பிள்ளைதான். ஆகவே உங்கள் தம்பியின் எம்.பி.ஏ.வால் உங்கள் மகளுக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

பெற்றோரே படித்திருந்தால் பலன் பெரிது என்பது உண்மை. ஹார்வர்டின் மீது தொடரப்பட்ட வழக்கில் வெளிவந்த கணக்கின்படி, 2015க்கு முந்தைய சில ஆண்டுகளில் பழைய மாணவர்களின் பிள்ளைகளில் ஏறத்தாழ 33 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். படித்த, வசதியுள்ள வீட்டில் வளரும் பிள்ளை நன்கு தயாராகி வரும் என்பதால் இந்த இடைவெளியில் ஒரு பகுதி உங்கள் வாதத்துக்கே சாதகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ராஜ் செட்டியும் அவருடைய சக பொருளாதார அறிஞர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஹார்வர்டு உள்ளிட்ட 12 முன்னணிக் கல்லூரிகளுக்கு ஒரே அளவு மதிப்பெண்ணோடு விண்ணப்பித்தவர்களை ஒப்பிட்டது. அப்போதும், மிகப் பெரும் பணக்காரக் குடும்பத்து லெகசி பிள்ளைக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு ஐந்து மடங்காக இருந்தது. அதே பிள்ளைகள் தங்கள் பெற்றோர் படிக்காத, அதே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தபோதோ அந்த அனுகூலம் ஏறக்குறைய மறைந்துபோனது. கெட்டிக்காரத்தனம் ஒரு வாசலில் மட்டும் வேலை செய்து அடுத்த வாசலில் செய்யாமல் போகுமா, அம்மா?

இந்தச் சலுகையின் பிறப்பும் பெருமைக்குரியதன்று. 1920களில், நுழைவுத் தேர்வில் நிறைய மதிப்பெண் பெற்று வந்த யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க அங்கே கையாளப்பட்ட வழிகளில் இதுவும் ஒன்று. பின்னாளில் பழைய மாணவர்கள் தரும் நன்கொடை என்ற காரணம் சேர்ந்துகொண்டது. அந்தக் காரணமும் எல்லாரையும் கட்டிப்போடவில்லை: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இதைக் கைவிட்டது, அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களில் லெகசி பிள்ளைகள் 2009இல் 12.5 சதவீதமாக இருந்து 2019இல் 3.5 சதவீதமாகக் குறைந்தார்கள், அரசின் உதவித்தொகைக்குத் தகுதியான ஏழை மாணவர்களின் பங்கு இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. இனத்தைக் கணக்கில் கொள்ளும் சேர்க்கையை 2023இல் தடைசெய்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு, தந்தை எங்கே படித்தார் என்ற கேள்விக்குத் தடை போடவில்லை. அதனால்தான் 2024இல் கலிஃபோர்னியா மாநிலம் தனியார் பல்கலைக்கழகங்களில் இந்தச் சலுகையைத் தடைசெய்யத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

உங்கள் மகளை எம்.ஐ.டி.க்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் (குரோம்பேட்டையில் இருப்பதைச் சொல்லவில்லை). ஹார்வர்டு இருக்கும் அதே கேம்பிரிட்ஜ் நகரில்தான் அதுவும் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் யாருடைய பிள்ளை என்று அங்கே பார்ப்பதில்லை.