ஜெராக்ஸ் எடுத்தால் வழக்கு வருமா?

கேள்வி: சுயநிதிக் கல்லூரியில் எம்.ஏ. பொருளாதாரம் நடத்துகிறேன். பாடத்துக்கு வேண்டிய அத்தியாயங்கள் ஆறேழு வெளிநாட்டுப் புத்தகங்களில் சிதறிக் கிடக்கின்றன. எல்லாமே ஆயிரக்கணக்கில் விலை. தேவையானதை மட்டும் தொகுத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவைக்கிறேன். பிள்ளைகள் ஸ்பைரல் போட்டு வாங்கிக்கொள்கிறார்கள். "பத்து சதவீதத்தைத் தாண்டினால் காப்பிரைட் வழக்கு, கடைக்காரர் உள்ளே போய்விடுவார்" என்கிறார் சக பேராசிரியர். நிஜமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்தப் பத்து சதவீதத்தை உங்கள் சக பேராசிரியர் எங்கே பிடித்தாரோ! 1957-ம் ஆண்டு காப்பிரைட் சட்டம், பிரிவு 52(1)(i)-ஐப் பாருங்கள். கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பது மீறல் ஆகாது. சதவீதம் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

உங்கள் நிலைமையேதான் டெல்லியில் வழக்கானது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடைமீதும் டெல்லிப் பல்கலைக்கழகத்தின்மீதும் 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. மாணவர்கள் சங்கம் அமைத்துத் தாங்களும் வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் அதே பக்கம் நின்றது: கற்பித்தல் என்பது வகுப்பறை நாலு சுவருக்குள் முடிவதில்லை, எத்தனை பக்கம் என்பதும் அளவுகோல் அல்ல, பாடத்துக்கு அது தேவையா என்பதே கேள்வி. அந்தத் தேவையையும், முழுப் புத்தகத்தை நகலெடுக்கலாமா என்பதையும் விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே வாபஸ் வாங்கிவிட்டன. மாணவர்கள் நகலெடுப்பதால் விற்பனை படுத்துவிடும் என்ற வாதம் எனக்கு என்றைக்குமே எடுபட்டதில்லை. அந்த விலைக்கு அவர்கள் எப்படியும் வாங்கப்போவதில்லை.

ஆகவே, நீங்கள் பத்திரப்படுத்த வேண்டியது சிலபஸ். எந்த அலகுக்கு எந்த அத்தியாயம் என்று பாடத்திட்டத்தில் எழுதித் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். டெல்லிக் கடை பல்கலைக்கழகத்தின் உரிமம் பெற்றது. உங்கள் கடைக்காரருக்கும் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். வழக்கமான ஜெராக்ஸ் கட்டணம்தான் அவர் வாங்க வேண்டும். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் விற்கக் கூடாது.

சக பேராசிரியரின் பயம் அர்த்தப்படும் இடமும் உண்டு. முழுப் புத்தகத்தையும் நகலெடுத்து விற்றால் பிரிவு 63-ன்படி மூன்றாண்டு வரை சிறை. அதே அத்தியாயங்களை அச்சுப் புத்தகமாக்கி உங்கள் பெயரில் வெளியிட்டாலும் இந்த விலக்கு கைகொடுக்காது. அதற்குத் தனிப் பிரிவு, நிபந்தனையும் கடுமை. நம் ஊர் 'ஸ்டடி மெட்டீரியல்' வியாபாரிகள் இதைப் படித்தால் நல்லது.

ஆய்விதழ்க் கட்டுரைகள்தான் உங்களுக்குச் சிக்கல். ஆய்விதழ்களை இணையத்தில் படிக்க வழிசெய்யும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது, ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கானது. சுயநிதிக் கல்லூரி வெளியே நிற்கிறது. கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தையும் 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றம் முடக்கச் சொல்லிவிட்டது. கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பலர் அனுப்பிவைப்பார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா இணையதளத்தில் இலவசம். பார்வையற்ற மாணவர் வகுப்பில் இருந்தால், அவருக்காக முழுப் புத்தகத்தையே ஒலிவடிவமாக்க 2012 திருத்தம் அனுமதிக்கிறது. அதற்குத் தயங்கவே வேண்டாம்.