எலுமிச்சைக்கு எத்தனை மில்லி? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கோடைக்குக் காய் எடுக்க ஜூனில் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியை 50 பிபிஎம் அடிக்கச் சொன்னார்கள். கடையில் 0.001 சதவீத பாட்டில் தந்தார்கள். பத்து லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லி? (புளியங்குடி)

பதில்: எத்தனை ஊற்றினாலும் வராது. 0.001 சதவீதம் என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். அதாவது பாட்டிலே 10 பிபிஎம்தான். சொட்டுத் தண்ணீர் கலக்காமல் மரத்தில் கவிழ்த்தாலும் 50 எட்டாது. அது போலி இல்லை, வேறு பயிருக்கான சரக்கு. 90 சதவீதத் தூள் கேளுங்கள். டேங்குக்கு அரை கிராமுக்குச் சற்று மேல், முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்து ஊற்ற வேண்டும். மகாராஷ்டிரத்தில் ‘ஹஸ்த பஹார்’ என்கிற முறை இது. செப்டம்பரில் சைக்கோசெல் என்ற வளர்ச்சிக் கட்டுப்படுத்தி 1000 பிபிஎம், அக்டோபரில் பொட்டாசியம் நைட்ரேட் 1 சதவீதம் என்று தொடரும். ஜூனோடு நிறுத்துவதாக இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

கேள்வி: களைக்கொல்லி 2,4-டி கொஞ்சம் அடித்தால் பிஞ்சு நிற்குமாமே? உத்தேசமாக டேங்குக்கு ஒரு மூடி விட்டேன். கொழுந்து சுருண்டுவிட்டது.

பதில்: உத்தேசமாகவா! பிஞ்சு நிற்கச் சொல்லும் அளவு 20 பிபிஎம். 58 சதவீத அமைன் உப்பில் பத்து லிட்டருக்கு அரை மில்லிகூட வராது. இதில் கடைக்காரரைத் திட்ட ஒன்றுமில்லை. பக்கத்து வயலில் பருத்தியோ தக்காளியோ இருந்தால், காற்றில் போய் அதையும் சுருட்டிவிடும்; அந்தச் சண்டைக்கும் தயாராக இருங்கள்.

கேள்வி: என்ஏஏ என்ற வளர்ச்சி ஊக்கி, பாட்டிலில் 4.5 சதவீதம். 30 பிபிஎம் வேண்டும், எத்தனை மில்லி?

பதில்: பத்து லிட்டருக்கு 6.7 மில்லி. சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள், மூடியில் வேண்டாம்.

கேள்வி: சாத்துக்குடி பச்சையாகவே விற்கிறார்கள். காயா?

பதில்: இல்லை. இரவில் குளிர்ந்தால்தான் தோல் மஞ்சளாகும். கையில் கனத்தால் வாங்குங்கள்.

கேள்வி: ‘பூ உதிராது’ என்று தந்த மருந்தை அடித்ததும் 40 மரத்தில் பிஞ்சு கொட்டிவிட்டது. லேபிளில் என்ன இருக்கிறது என்றே இல்லை. பில்லும் இல்லை. விவசாயி நுகர்வோர் ஆகமாட்டார் என்கிறார் கடைக்காரர்.

பதில்: அவர் சொல்வதை நம்பாதீர்கள். விதை வாங்கி நஷ்டப்பட்ட விவசாயிகளின் வழக்கில், விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது.

எனக்கு ஆத்திரமே இந்தப் பேர் தெரியாத பாட்டில்கள் மேல்தான். வளர்ச்சி ஊக்கி என்றால் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவெண், பேட்ச் எண், தயாரிப்பு தேதி, காலாவதி தேதி எல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். ‘இது மருந்தில்லை, உயிர் ஊக்கி’ என்று நழுவவும் முடியாது. அதையும் 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நானும் ஏமாந்தவன்தான். ‘கொத்துக் கொத்தாய்ப் பூக்கும்’ என்ற அரை லிட்டரை 480 ரூபாய் கொடுத்து வாங்கி, கொல்லை எலுமிச்சைக்கு மூன்று வாரம் அடித்தேன். வெல்லப்பாகு வாசனை. கிளை முழுக்க எறும்பு.

பில் இல்லாவிட்டாலும் போனில் பணம் அனுப்பிய பதிவு இருக்குமே, அதை எடுத்து வையுங்கள். தோட்டக்கலை அலுவலரை இந்த வாரமே தோப்புக்குக் கூப்பிட்டுப் பாதிப்பைக் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. மீதி மருந்தோடு பாட்டிலை அப்படியே வையுங்கள். வீட்டில் யாராவது கழுவிவிடப் போகிறார்கள்.