வளைவு வேண்டாம், வேறு ஏதாவது செய்வோம்

அன்புள்ள ஐயா,

கோடை விழா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பூவுக்கு ஒரு நாள், நாய்க்கு ஒரு நாள், படகுக்கு ஒரு நாள் என்று கொண்டாடும் கொடைக்கானல், தன் மலையிலேயே இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நாள் ஒதுக்கக் கூடாதா? 1984-இல் தொடங்கியது, நாற்பது வருடம் தாண்டிவிட்டது. நான் பெரியகுளத்தில் படித்தவள், என் பட்டம் அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தது. நகராட்சி ஒரு நுழைவு வளைவாவது கட்டலாம், இல்லை ஒரு சாலைக்கு அதன் பெயரை வைக்கலாம். வீட்டில் இதைச் சொன்னால் என் கணவர், "பொம்பளைங்க யுனிவர்சிட்டியால ஊருக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே., வத்தலக்குண்டு

அன்புள்ள கே.,

உங்கள் கணவர் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். பூண்டு கிடைத்தது. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்தப் பெயர் இந்த மண்ணில் விளைந்ததற்கு மட்டும்தான் என்கிற அரசுச் சான்று, வந்ததே, அதற்கு விண்ணப்பிக்கும் வேலையில் இந்தப் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்குப் பெரிய பங்கு உண்டு. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் வீடுகளுக்குள் போனால் பார்க்கலாம், பூண்டைத் தண்டோடு கட்டுக்கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள், புகை ஏறி ஏறித் தோல் பழுப்பாகியிருக்கும், உள்ளே பல் கெட்டியாக அப்படியே இருக்கும், மாதக்கணக்கில் கெடாது. இதை மலையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் குறியீடு வேண்டும் என்றால் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்பார்கள்: எந்த மண், எந்த உயரம், எந்தப் பருவம், மற்ற பூண்டிலிருந்து இது எதில் வேறுபடுகிறது, எத்தனை காலமாக இங்கே விளைகிறது, அதற்கு என்ன ஆதாரம். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி இதற்கெல்லாம் எங்கே போவார்? ஆய்வகம் வேண்டும், காகித வேலையில் சலிக்காத ஆட்கள் வேண்டும். குறியீடு வந்த பிறகும் எங்கேயோ விளைந்த பூண்டை மலைப்பூண்டு என்று சுற்றுலாப் பயணிகள் தலையில் கட்டுகிறார்கள் என்பது உண்மைதான். அது வேறு சண்டை. ஆனால் அந்தச் சண்டையைப் போட இப்போது விவசாயி கையில் ஒரு சான்று இருக்கிறது, முன்பு அதுவும் இல்லை. வடுகபட்டிச் சந்தை உங்களுக்குப் பக்கம்தானே, ஒருநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் மலைப்பூண்டு விலையையும் மற்ற பூண்டு விலையையும் கேட்கச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வளைவு வேண்டாம். யாரையாவது கௌரவிக்க வேண்டும் என்றால் வளைவு, சிலை, சாலைக்குப் பெயர், இந்த மூன்றைத் தாண்டி நமக்கு யோசனை போவதே இல்லை. இந்த மலைச்சாலையில் வளைவு கட்டினால் முதல் சீசனிலேயே ஏதாவது ஒரு டூரிஸ்ட் பஸ் உரசிவிட்டுப் போகும், அப்புறம் அதற்கு யார் வெள்ளையடிப்பது என்று நகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் கடிதப் போக்குவரத்து நடக்கும்.

என் குறை வேறு. கொடைக்கானல் தன் கதையைச் சொல்கிற விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள், 1863-இல் லெவிஞ்ச் துரை ஏரி உண்டாக்கினார், 1899-இல் சூரிய ஆய்வகம், 1901-இல் மிஷனரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், 1908-இல் பிரையண்ட் பூங்கா, அதோடு கதை நின்றுவிடும். ஹோட்டல் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் கருப்பு வெள்ளைப் படங்களும் அதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு இந்த ஊரில் ஒன்றுமே நடக்கவில்லையா என்ன? அந்தக் கதையிலும் பெண்கள் இருந்தார்கள், சொல்லத்தான் ஆளில்லை. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909-இல் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான் கண்டுபிடித்தார், அதைச் சொல்லும் வழிகாட்டிகள் சிலர் உண்டு. அவர் மனைவி மேரியும் வானியலாளர், இதே மலையில் இருந்துகொண்டு சூரியச் சுடர்களை ஆராய்ந்தவர். அவர் பெயரை எந்த வழிகாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை.

மிஷனரிகளும் துரைமார்களும் சமவெளி வெயிலுக்குத் தப்பித்து வந்தவர்கள், கட்டியதில் பெரும்பகுதி தங்கள் சௌகரியத்துக்குக் கட்டிக்கொண்டது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சட்டம் போட்டு, பெண்கள் படிக்க என்று இந்த மலை மேல் ஒரு பல்கலைக்கழகத்தை வைத்தது அந்த வகையில் சேராது. பெண்களுக்கென்று அரசுப் பல்கலைக்கழகம் என்பது அப்போது நாட்டிலேயே அபூர்வம், திருப்பதியில் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் வந்தது அதற்கு முந்தைய வருடம்தான். யார் பெயரை வைத்தார்களோ அந்த அன்னை தெரசா அப்போது கல்கத்தாவில் வேலை செய்துகொண்டிருந்தார், அதன்பின் பதின்மூன்று வருடம் உயிரோடு இருந்தார். இருக்கிறவர் பெயரை வைப்பதில் எனக்குப் பொதுவாக உடன்பாடு இல்லை, இதில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

உங்கள் பட்டத்தையே எடுத்துப் பாருங்கள். இந்த மலைக்கு வடக்கே பழனி, கிழக்கே திண்டுக்கல், தெற்கே பெரியகுளம், தேனி. அடிவாரத்தைச் சுற்றி இந்த ஊர்களிலெல்லாம் இதன் இணைப்பில் மகளிர் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே எத்தனை வீட்டு பீரோக்களில், ரேஷன் கார்டு, நிலப் பத்திரத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், கொடைக்கானல் என்று அச்சடித்த பட்டம் இருக்கும்! குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண்ணுடையதாக அது இருக்கவும் வாய்ப்பு அதிகம். அந்தப் பெண்கள் டூர் வந்து ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டியிருப்பார்கள், பல்கலைக்கழகம் இருக்கும் அட்டுவம்பட்டிப் பக்கம் பெரும்பாலும் போயிருக்க மாட்டார்கள். ஊர்க்காரர்களே போவதில்லையே. பல்கலைக்கழகமும் ஊரை விட்டு ஒதுங்கித்தான் இருந்துவிட்டது, தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை.

அதனால் நகராட்சி ஏதாவது செய்வதாக இருந்தால் மே மாதத்தில் செய்ய வேண்டாம். மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் சீசனில் வெள்ளி நீர்வீழ்ச்சி வரை வண்டி நிற்கிறது, அந்த நெரிசலில் விழா எதற்கு? மழை விட்ட ஒரு நாளில், நகராட்சிக் கூட்ட அரங்கிலேயே வைக்கட்டும். மந்திரிகள் வந்தால் வரட்டும், ஆனால் மைக் பூம்பாறை விவசாயிகளுக்கும் ஆரம்ப காலத்தில் இங்கே ஆராய்ச்சி செய்ய வந்த பெண்களுக்கும் போக வேண்டும். ரோடும் விடுதியும் இன்றைய நிலையில் இல்லாத எண்பதுகளில் அவர்கள் இந்தக் குளிரில் எப்படி இருந்தார்கள், ஊர் அவர்களை எப்படி நடத்தியது என்பதைப் பேசவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். பேராசிரியர்களில் பலருக்கு இப்போதே வயதாகிவிட்டது. அந்தப் பதிவையும், மலைப்பூண்டு ஆவணங்களின் ஒரு பிரதியையும், யாரும் போய்ப் பார்க்கும்படி ஊர் நூலகத்தில் வைக்கட்டும். இதற்குச் செலவு வளைவுக்கு ஆகும் சிமெண்ட் காசு கூட வராது.

ஆணையருக்கு மனு எழுதுகிறீர்கள் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை: உங்கள் பழைய வகுப்புத் தோழிகளில் பட்டமளிப்பு விழாவுக்காக மலையேறி வந்தவர்கள் யாராவது இருந்தால், அந்த நாளைப் பற்றி எனக்கு எழுதச் சொல்லுங்கள். நீளம் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பெயர் போட விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லட்டும், இங்கேயே போடுகிறேன்.