இயேசு திரும்ப வருவார் என்ற நம்பிக்கை கஷ்ட காலத்தில் உண்மையிலேயே உதவுகிறதா, இல்லை வெறும் ஆறுதல் பேச்சா?

எனக்கு உதவியிருக்கிறது. அதனால் கடன் அடைந்ததா, நோய் தீர்ந்ததா என்றால், இல்லை. நடக்கிற அநியாயத்துக்குக் கணக்குக் கேட்க ஒருவர் வருகிறார் என்ற தைரியம் கிடைத்தது.

இயேசுவின் வருகை என்றாலே நம்மில் பலர் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஓடுவோம். நான் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதின கடிதத்தின் 5-ஆம் அதிகாரத்தைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். வயலை அறுத்தவர்களின் கூலியைப் பணக்காரர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது 4-ஆம் வசனம். அதற்குப் பிறகுதான், 7-ஆம் வசனத்தில், 'கர்த்தர் வருமளவும் நீடிய பொறுமையாயிருங்கள்' என்று வருகிறது. பாதிக்கப்பட்டவனிடம் பொறுமையைப் பற்றிப் பேசுமுன் யாக்கோபு முதலாளியைக் கண்டித்துவிடுகிறார். பிரசங்கங்களில் இந்த முதல் பாதி ஏனோ அதிகம் காதில் விழுவதில்லை.

இழப்பில் இருப்பவர்களுக்கு 1 தெசலோனிக்கேயர் 4. கி.பி. 50 வாக்கில் அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே ஊர்ச் சபைக்கு எழுதின கடிதம் அது. கர்த்தர் வருமுன்னே நம்மவர்கள் இறந்துபோகிறார்களே, அவர்கள் கதி என்ன என்று அந்தச் சபை கலங்கியிருந்தது. கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள் என்று பதில் எழுதுகிறார். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறாரே தவிர, துக்கமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. துக்க வீட்டில் போய், "அழாதீங்க, கர்த்தர் சீக்கிரம் வந்துடுவார்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதாரே!

தேதி சொல்கிறவர்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-க்காகக் காத்திருந்து நொந்துபோனார்கள். அந்த நாள் பிதா ஒருவருக்குத்தான் தெரியும் என்று மாற்கு 13:32 சொல்லியும் இப்படி. வருகையைக் காரணம் காட்டி வேலைவெட்டியை விட்டுவிடுவதற்கும் இடமில்லை. வேலை செய்யாமல் திரிந்தவர்களை அதே தெசலோனிக்கே சபையில் பவுல் கடிந்துகொண்டார்.

"ஏன் இவ்வளவு தாமதம்?" என்று அடுத்து நீங்கள் கேட்கலாம். என்னிடம் பதில் இல்லை. ஆனால் கேட்பது அவிசுவாசம் என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களே பலிபீடத்தின்கீழிருந்து அதைத்தான் கேட்கிறார்கள் (வெளிப்படுத்தின விசேஷம் 6:10). அவர்களை யாரும் அதட்டவில்லை. வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக் காலம் இளைப்பாறச் சொல்கிறார்கள்.